திருநீர்மலைக்கு ஒரு லென்ஸ்

விடுமுறைக்குத் தாம்பரத்தில் மகன் இல்லத்தில் தங்கியிருந்தபோது திருநீர்மலை சேவிக்கப் புறப்பட்டோம். கேமராவுக்கு எந்த லென்ஸை எடுத்துச் செல்வது? தொலைவை அருகில் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. படியேறும் முழங்காலுக்குப் பகை. அகன்ற காட்சி தரும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதுமென்று தீர்மானித்தேன். கருவறையில் எப்படியும் படமெடுக்கலாகாது.

இத்தலத்தில் எம்பெருமானுக்கு நான்கு திருக்கோலங்கள். அடிவாரத்தில் நீர்வண்ணராய் நிற்கிறார். மலைமேல் நரசிம்மராய் அமர்ந்தும், அரங்கநாதராய்ச் சயனித்தும், உலகளந்தவராய் நடந்தும் காட்சி தருகிறார். மலையை நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு.

என் மனைவியால் படியேற இயலாது. நீர்வண்ணரைச் சேவித்துவிட்டுக் குளக்கரையில் அமர்ந்துகொண்டாள். நான் மட்டும் ஏறி மூவரையும் சேவித்து, கீழ்நோக்கி ஒரு படம் எடுத்தேன். குளம், கோபுரம், அப்பால் புறநகர் வீடுகள் யாவும் அதில் அடங்கின. பெரிய லென்ஸ் இருந்திருந்தால் அவள் முகமும் தெரிந்திருக்குமே என்று சற்று வருந்தினேன்.

இரவு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். குளக்கரையில் மிளகளவு தெரிந்த புள்ளியைத் தொட்டு, "இது நான்தானே? பெருமாளுக்கு இவ்வளவு பக்கத்திலா உட்கார்ந்திருந்தேன்!" என்றாள்.