மாவலி பிறக்கும் மலையிலே

கொட்டியாரக் குடாவிலே, மூதூருக்கு அணித்தாக, மாவலிகங்கை கடலோடு கலப்பதைத் திருகோணமலை வாசிகளாகிய நாம் இளமை முதலே கண்டு வருகின்றோம். அதன் கிளையாகிய வெருகலாற்றிலே, சித்திரவேலாயுத சுவாமி கோயில் உற்சவ காலத்தில் தீர்த்தமாடியும் இருக்கின்றோம். 335 கிலோமீற்றர் நடந்து எம்மிடம் வரும் இந்நதி எங்கே தொடங்குகின்றது என்று வகுப்பிலே மாணவியொருத்தி வினவினாள். "மத்திய மலைநாட்டிலே" என்ற பாடப்புத்தக விடை அவளுக்கும் போதவில்லை, எமக்கும் போதவில்லை. அடுத்த விடுமுறையிலே ஆசிரியர் மூவர் புறப்பட்டோம்.

மாவலியின் தலையூற்று எதுவென்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஹட்டன் ஓயாவே என்பாரும் உளர். ஹோர்ட்டன் சமவெளியின் மேற்குப் புறத்திலே கிரிகல்பொத்த மலைச்சாரலில் தோன்றி, அக்கரப்பத்தனை வழியாக இறங்கும் அக்ரா ஓயாவே என்பாரும் உளர். நாம் பின்னவர் கட்சி. பிதுருதலாகலைக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் உயர்ந்த மலை கிரிகல்பொத்த. உயரம் ஏறக்குறைய 2,390 மீற்றர்.

விடியுமுன் நுவரெலியாவை விட்டோம். அம்பேவெலவின் புற்றரைகளில் பனி வெண்டுகில் விரித்தாற்போற் கிடந்தது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த பட்டிப்பொலவைக் கடந்ததும் வண்டி காட்டினுள் ஏறிற்று. வாயிலிலே காவலர் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் யாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டனர். இடியப்பத்தையும் சம்பலையும் வாழையிலையிற் கட்டி வந்த எம்மைப் பார்த்து ஒருவர் தலையசைத்துப் பாராட்டியது, அதைக் கட்டித் தந்த இல்லத்தரசியாருக்கே உரியது.

வந்தவர்களிற் பெரும்பாலோர் 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக விழும் 'உலக முடிவு' என்னும் மலைவிளிம்பை நோக்கிச் சென்றனர். நாமோ வழிகாட்டி இளைஞர் ஒருவருடன் கிரிகல்பொத்தப் பாதையிலே திரும்பினோம். போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு. முதலில் திறந்த புல்வெளி. தொலைவிலே மரைக் கூட்டமொன்று தலைநிமிர்ந்து எம்மை நோக்கிவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிற்று. முன்னொரு காலத்தில் இங்கே யானைகளும் உலவின; 19ஆம் நூற்றாண்டின் வேட்டைக்காரர் கைங்கரியத்தால் இன்று ஒன்றேனும் இல்லை.

பின்பு காடு. தாழ்நிலத்துக் காட்டை நினைத்துச் செல்வோர் இங்கே வியப்படைவர். மரங்கள் உயரமானவை அல்ல. காற்றுக்கு வளைந்து, முறுகி, குடை விரித்தாற்போல் நிற்கின்றன. கீன மரங்களின் கிளைகளிலே பாசி தடித்துத் தொங்குகின்றது. அன்று மழையில்லை, எனினும் இலைதோறும் நீர் சொட்டியது. மேகமே காட்டினுள் புகுந்து நடக்கின்றது! இலையிலும் பாசியிலும் பட்டு அது துளியாகின்றது; துளிகளைக் கரிய மண் உறிஞ்சி வைத்து, மழையற்ற மாதங்களிலும் சிறிது சிறிதாக விடுகின்றது.

"ஊற்று எங்கே, தம்பி?" என்று எம்மில் மூத்தவர் கேட்டார். பாறையிடுக்கிலிருந்து பொங்கியெழும் ஒரு சுனையை அவர் எதிர்பார்த்திருந்தார். வழிகாட்டி குனிந்து, பாதையோரத்துப் பாசி மெத்தையிலே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விரல்களுக்கிடையே தெளிந்த நீர் எழுந்தது. "இதுதான், சேர். இந்தக் காடு முழுக்க இதுதான்" என்றார். மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாமும் சற்று நேரம் பேசவில்லை.

உச்சியை அடைந்தபோது முற்பகல் பத்தரை. மேகம் விலகிய சில நிமிடங்களில் நாற்புறமும் தெரிந்தது. இம்மேட்டுநிலத்து நீர் மூன்று திசைகளிற் பிரிகின்றது. ஒருபுறத்து ஓடைகள் மாவலியாகித் திருகோணமலைக் கடலையும், ஒருபுறத்தன களனியாகிக் கொழும்பின் வட எல்லையையும், பெலிஹுல் ஓயா வளவையோடு கூடி அம்பலாந்தோட்டையையும் அடைகின்றன. அருகருகே விழும் இரு துளிகள் இருவேறு கடல்களுக்குப் போகக்கூடும்.

1873இல், தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென ஆங்கில அரசு ஆணையிட்டது. தேயிலைக்கும் கோப்பிக்கும் மலைகளையெல்லாம் மொட்டையடித்தவர்கள் செய்த நற்செயல்களில் இஃதொன்று. ஆயினும் 1960களில் இச்சமவெளிப் புற்றரையை உழுது விதை உருளைக்கிழங்கு பயிரிட்டனர். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் இது பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தனை காவலிருந்தும் காடு நலமாயில்லை. வழியிலே பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்புபோல் நின்றன. 1970கள் முதல் இவ்வழிவைக் கவனித்து வரும் ஆய்வாளர் வரட்சி, மண்ணின் அமிலத்தன்மை, காற்றிற் கலந்த மாசு எனப் பல காரணங்கள் கூறுகின்றனர். காலையிலே பாசியில் நீரைக் கண்ட கண்களுக்கு அந்த உலர்ந்த கிளைகள் வெறும் மரங்களாகத் தோன்றவில்லை. அணைகளைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இக்காட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எமது குறை.

மாலை மூன்று மணிக்கு முன்பே கீழே வந்துவிட்டோம். போக விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள்: கிரிகல்பொத்தவுக்கு வாயிலிலேயே அனுமதி கேளுங்கள், வழிகாட்டியின்றி மூடுபனியில் நடவாதீர்கள், தை, மாசியில் உறைபனி விழுமாதலால் கம்பளிச் சட்டை வேண்டும். மரைகள் அருகில் வந்து யாசித்தாலும் உணவு கொடுக்கவேண்டாம். இடியப்பத்தை வாழையிலையிலே கட்டிச் செல்லுங்கள்.