கடல்மேல் குடித்தனம் – 2: படகுக் கூலி போக

சிமிலன் என்று முடிவாயிற்று. தாய்லாந்தின் பாங் நா மாகாணக் கரையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அந்தமான் கடலில் கிடக்கும் கருங்கல் தீவுகள். படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, அதிலிருந்தே கடலுக்குள் இறங்கி ஏறும் பயணம். லிவ்அபோர்ட் என்பார்கள். முன்பணம் கட்டியாயிற்று. சென்ற பகுதியில் ஆசை எங்கிருந்து வந்தது என்று எழுதினேன். இந்தப் பகுதி முழுக்கப் பணப்பேச்சு. கடல் வாசனை குறைவாகத்தான் இருக்கும்.

மதுரையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தால் மாலத்தீவுதான் பக்கம். அங்கே படகு ஏற்பாடும் சௌகரியமானது. தங்குவதற்கு ஒரு படகு. டேங்குகளையும் கம்ப்ரஸரையும் சுமந்துகொண்டு கூடவே வரும் தோணி ஒன்று. ஆனால் மாலத்தீவில் சுறாவும் திருக்கையும் கூடும் நல்ல இடங்களில் பல, பவளத் திட்டுகளுக்கு இடையே உள்ள கால்வாய்கள். கடல் உள்ளே ஏறி வெளியே வடியும் வாசல்கள் அவை. நீரோட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். முதல் தடவைக்கு அது வேண்டாம் என்று பட்டது.

அடுத்தது எகிப்தின் செங்கடல். உலகத்தில் படகுக் கூலி மலிவான இடங்களில் ஒன்று. ஐரோப்பாவிலிருந்து போகிறவர்களுக்கு அது லாபம்; நமக்கு விமான டிக்கெட்டே மிச்சத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, பிரதர்ஸ் போன்ற நடுக்கடல் பாறைகளுக்குப் போக ஐம்பது டைவாவது பதிவேட்டில் இருக்க வேண்டும் என்கிறார்கள். இருந்தாலும் மனசு அங்கேயே கொஞ்ச நாள் சுற்றியது. காரணம் ஒரு கப்பல். 1869 செப்டம்பரில் சூயஸிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பி, அபு நுஹாஸ் பவளப்பாறையில் மோதி, நாற்பதாயிரம் பவுண்டு தங்கத்தோடு மூழ்கிய நீராவிக் கப்பல். பெயர் ‘கர்நாட்டிக்’. ஆற்காட்டு நவாபு ஆண்ட நம் சீமைக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த அதே பெயர். தங்கத்தில் பெரும்பகுதியை அப்போதே முக்குளித்து எடுத்துவிட்டார்கள், அதனால் அவசரமில்லை. சூயஸ் கால்வாய் திறக்க இரண்டே மாதம் இருந்தபோது நடந்த விபத்து அது. அந்தக் கப்பலுக்காகவே ஒரு நாள் போவேன். இப்போது சிமிலன்.

சிமிலன் தேசியப் பூங்கா அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான் திறந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடலும் விடாது, பூங்காவும் விடாது. 2018 முதல் தீவுகளில் இரவு தங்கவும் தடை. ஆக, கரையில் உள்ள காவோ லாக்கில் அறை எடுத்துத் தினமும் வேகப்படகில் போய்வருவது ஒரு வழி, லிவ்அபோர்ட் இன்னொரு வழி. வேகப்படகில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. நடுவில் இரண்டு டைவ். லிவ்அபோர்ட்டில் ஒரு நாளைக்கு நான்கு: காலைப் பலகாரத்துக்கு முன்னால் ஒன்று, அப்புறம் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. எனக்குச் சொன்ன விலை 25,000 பாட்டை ஒட்டி. நம் காசில் அறுபதாயிரத்தைத் தாண்டும். கேட்டதும் பகீரென்றது. ஆனால் நாலு நாளில் பதினான்கு டைவ் வாய்க்கும் என்று வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 1,800 பாட்டுக்குப் பக்கம். அதற்குள்ளேயே படுக்கை, சாப்பாடு, அலுங்காமல் அடுத்த இடத்துக்குப் போய்ச்சேரும் போக்குவரத்து எல்லாம் அடக்கம். நாள்பயணம் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

விளம்பரத்தில் போட்டிருப்பது படகுக் கூலி மட்டும். பூங்காக் கட்டணம் தனி. அதிலும் சிமிலன் ஒரு பூங்கா, எல்லாரும் ஆசைப்படும் ரிச்சிலியூ பாறை இருக்கிற சூரின் இன்னொரு பூங்கா. இரண்டுக்கும் தனித்தனியே தர வேண்டும், பெரும்பாலும் படகில் ஏறியபின் ரொக்கமாக. உபகரண வாடகை தனி. நைட்ராக்ஸ் தனி. வேலையாட்களுக்குக் கொடுக்கும் டிப்ஸ், ‘கட்டாயமில்லை’ என்று எழுதியிருக்கும், கடைசி நாள் உண்டியல் சுற்றி வரும். இவை எல்லாம் சேர்ந்தால் கூலியில் கால்பங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதில் நைட்ராக்ஸை வெட்டினேன். ஆக்சிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த காற்று அது. உடம்பில் நைட்ரஜன் மெதுவாக ஏறும் என்பதால் கீழே அதிக நேரம் இருக்கலாம். நாளுக்கு நாலு தடவை இறங்குகிறவர்களுக்கு நல்ல சங்கதிதான். ஆனால் என்னைப் போன்ற புதுசுகளுக்கு நைட்ரஜன் வரம்பு வருவதற்கு வெகுமுன்பே டேங்கில் காற்று தீர்ந்துவிடும். பயத்தில் இழுக்கிற மூச்சு அப்படி. கீழே இருக்க நேரம் அனுமதித்து என்ன பயன், இழுக்கக் காற்று வேண்டாமா?

அந்தக் காசைப் புதுச்சேரியில் செலவழித்தேன். முப்பது மீட்டர் வரை போக அனுமதிக்கும் அட்வான்ஸ்டு பயிற்சி. அதற்கு மேல் மிதப்பைப் பழக சில டைவ். சொல்லிக்கொடுத்த தம்பி மீனவர் வீட்டுப் பிள்ளை. என் இடுப்பிலிருந்து ஈயக் கட்டியை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தான். “இவ்ளோ வெயிட்ட மாட்டிக்கிட்டு, அப்புறம் ஜாக்கெட்ல காத்த ஊதி ஊதித் தூக்குறீங்க. அதான் டேங்க் சீக்கிரம் காலியாவுது அக்கா.” கிளம்பும்போது, “லாக் புக்க மறக்காம எடுத்துட்டுப் போங்க. கடைசியா எப்ப தண்ணில இறங்குனீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க” என்றான்.

இனி அறை. மேல்தளத்தில் கண்ணாடி ஜன்னலோடு இருப்பது விலை கூட. கீழ்த்தளத்தில், இன்ஜினுக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒருவரோடு பகிர்ந்துகொள்ளும் அடுக்குப் படுக்கை விலை குறைவு. படத்தைப் பார்த்தால் பாண்டியன் எக்ஸ்பிரஸின் ஸ்லீப்பர் பெட்டிதான். தூக்கம் பற்றி எனக்குக் கவலையில்லை. படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்த அம்மாதான் கேட்டாள்: “ராத்திரி எல்லாரும் தூங்கிட்டா படக யாருடி பாத்துக்குவா?”

சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் சில நாள் முன்புதான் ‘கன்செப்ஷன்’ படகைப் பற்றிப் படித்திருந்தேன். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் தீவின் ஓரம் நங்கூரமிட்டிருந்த லிவ்அபோர்ட் அது. 2019 செப்டம்பர் 2, விடியாத வேளை. தீப்பிடித்தபோது படகில் ஒருவர்கூட விழித்திருக்கவில்லை. கீழ்த்தளத்தில் படுத்திருந்த 34 பேரும் இறந்தார்கள்: பயணிகள் 33, பணியாளர் ஒருவர். மேலே தூங்கிய ஐந்து பணியாளர்கள் தப்பினார்கள். கீழ்த்தளத்துக்கு வழி இரண்டு இருந்தது. ஒன்று படிக்கட்டு, இன்னொன்று படுக்கைக்கு மேலே உள்ள மூடி. இரண்டும் போய்த் திறந்தது ஒரே கூடத்தில். தீ எரிந்துகொண்டிருந்ததும் அந்தக் கூடத்தில்தான். இரவு ரோந்து சுற்ற ஆள் வைக்க வேண்டும் என்ற விதி அந்தப் படகுக்கு இருந்தும் வைக்கவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. கேப்டனுக்கு 2023இல் குற்றம் உறுதியாயிற்று. கேமரா, விளக்குகளின் லித்தியம் பேட்டரிகளைக் கூட்டத்துக்கு நடுவே இரவெல்லாம் சார்ஜ் போட்டு வைப்பது பற்றிய பேச்சு அதன்பிறகு வலுத்தது. தீ எதனால் பிடித்தது என்பது மட்டும் கடைசிவரை உறுதியாகவில்லை.

2024 நவம்பர் 25 அதிகாலையில் எகிப்தின் மார்சா ஆலம் பக்கம் ‘சீ ஸ்டோரி’ என்ற லிவ்அபோர்ட் கவிழ்ந்ததும் பெரும்பாலோர் அறைக்குள் படுத்திருந்த நேரத்தில்தான். ஆக அம்மா கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை.

அதையே கொஞ்சம் நீட்டி, விலை கேட்டிருந்த படகுக்காரர்களுக்கெல்லாம் எழுதினேன். இரவு விழித்திருக்க ஆள் உண்டா? கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கும்? பேட்டரி சார்ஜ் எங்கே, யார் கண் பார்வையில்? உயிர்காப்புத் தெப்பம் எத்தனை பேருக்கு? ஏறிய முதல் நாள் தப்பிக்கும் பயிற்சி தருவீர்களா? ஒருவர் பதிலுக்குச் சாப்பாட்டுப் பட்டியலை அனுப்பினார். இன்னொருவர் “கவலைப்படாதீர்கள், எங்களுக்கு நீண்ட அனுபவம்” என்றார். அவருடைய படகுதான் விலையில் எல்லாவற்றையும்விடக் குறைவு. அதை விட்டேன். மூன்றாமவர் மூடி திறக்கும் இடத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அது பின்பக்கத் திறந்த தளத்தில் திறந்தது, கூடத்துக்குள் இல்லை. கூடவே இரவு முறை பார்க்கும் இரண்டு பேரின் நேர அட்டவணை. இரண்டாயிரம் பாட் கூடுதல். அந்தப் படகுதான்.

பயணக் காப்பீட்டிலும் இதே பிடிவாதம் தேவைப்பட்டது. சாதாரண பாலிசிகள் பலவற்றில் ஸ்கூபா என்றால் விலக்கு, அல்லது இத்தனை மீட்டர் வரைதான் என்று பொடி எழுத்தில் இருக்கும். நைட்ரஜன் குமிழி உடம்பில் சிக்கினால் அழுத்த அறைக்குள் மணிக்கணக்கில் படுக்க வேண்டும். புக்கெட்டில் அந்த அறை உண்டு, அதன் பில்லைக் கட்டத்தான் நம்மிடம் காசு இருக்காது. டைவர்களுக்கென்றே உள்ள டான் அமைப்பின் காப்பீட்டை எடுத்தேன். வருடச் சந்தா, நல்லதாக நாலு புடவை வாங்கும் காசுக்குள் முடிந்தது.

சாமான்களில் சொந்தமாக வாங்கியது மூன்றுதான். முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர். நீரோட்டம் தள்ளிக்கொண்டுபோய் மேலே வந்தால் படகுக்குத் தெரிகிற மாதிரி ஊதி நிமிர்த்தும் ஆரஞ்சு எஸ்எம்பி. மற்றதெல்லாம் வாடகை. மலிவு விமானத்தில் பெட்டியின் எடைக்குக் கட்டும் காசையும் வாடகையையும் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை.

வாடகைச் சூட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீர் பொதுவாக 28 டிகிரிப் பக்கம், மெல்லிய சூட் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அங்கே ஒரு விசித்திரம் உண்டு. நிக்கோபார் பக்கத்துக் கடலடி மலைத்தொடரின் மேல் ஓதம் ஏறி இறங்கும்போது கடலுக்கு உள்ளேயே, மேலே தெரியாத பேரலைகள் உண்டாகி, அந்தமான் கடலைக் குறுக்கே கடந்து சிமிலனின் மேற்குப் பக்கத்தில் மோதுகின்றன. ஆழத்துக் குளிர்நீரைத் தள்ளிக்கொண்டு வருவதால் சில நிமிடங்களில் பல டிகிரி இறங்கிவிடும்; தண்ணீரும் பச்சையாகக் கலங்கும். தீவுகளின் மேற்கே மொட்டைப் பாறையும் கிழக்கே செழித்த பவளமுமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நம் நாட்டுத் தீவுகளிலிருந்து கிளம்பி வருகிற குளிர் என்பதால் சூட் வாடகையைத் தள்ளுபடி செய்யவா போகிறார்கள்? கனமானதையே சொல்லி வைத்தேன்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒரு நாள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டான் பரிந்துரை. விமான அறையில் அழுத்தம் குறைவு, உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். ஆகவே படகை விட்டு இறங்கி ஓர் இரவு கரையில் தங்கியே ஆக வேண்டும். அந்த அறை வாடகையை எந்தப் படகும் விலையில் காட்டாது.

அந்த நாளைக் காவோ லாக் கடற்கரையில் போக்க எனக்கு விருப்பமில்லை. கொஞ்சம் வடக்கே தக்குவா பா. அந்த வட்டாரத்தில்தான் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ‘அவனிநாரணம்’ என்ற குளத்தை வெட்டி, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினருக்கும் சேனாமுகத்தார் என்ற படையினருக்கும் அடைக்கலம் என்று விட்ட செய்தி. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். நம் வணிகர்கள் அந்தக் கடலைக் கடந்து போய், குளம் வெட்டுகிற அளவுக்கு அங்கே ஊன்றியிருக்கிறார்கள். கல்வெட்டு இப்போது அங்கே இல்லை, நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனாலும் ஊரையும் ஆற்றையும் பார்த்துவிட்டு வரலாம். பஸ் கட்டணம்தான் செலவு.

கணக்கு நோட்டை மூடியாயிற்று. அடுத்த பகுதி தப் லாமு படகுத்துறையில் தொடங்கும். படகில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட வேண்டுமாம், இறங்கும் நாளில்தான் திரும்பக் கையில் கிடைக்குமாம். பயணத்துக்கென்று எழுதி வைத்திருந்த புதுச் செருப்பை அந்த நிமிடமே அடித்துவிட்டேன்.

(தொடரும்)