டயரைக் கழற்றிப் பாருங்கள்

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில், பழைய டயரை நட்டுவைத்து அதில் 'பஞ்சர்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதிய கடைகள் உண்டு. நடுராத்திரியிலும் ஆள் இருக்கும். அந்தக் கைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, நுரை பொங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து உள்ளே குத்தி இழுத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடலாம்.

ஊர் போய்ச் சேர அது போதும். அதையே முடிந்த வேலையாக நாம் எடுத்துக்கொள்வதுதான் என் கவலை. காற்று இறங்கியது தெரியாமல் வண்டியை ஓட்டியிருந்தால், ரிம்மின் அடியில் பக்கச்சுவர் நசுங்கி, உள்பக்க ரப்பர் அரைபட்டுக் கருந்தூளாக உதிர்ந்திருக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவினால்தான் தெரியும். கையில் தூள் ஒட்டினால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. உள்ளே சுத்தமாக இருந்தால் மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லுங்கள். அதன் தண்டு ஓட்டையை அடைக்கும், தலை உள்பக்கம் ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுக்கும். ஓட்டை, தரையில் படும் பகுதியின் நடுவில், 6 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் இருந்தால் மட்டுமே இதுவும்.

பக்கச்சுவருக்கு வைத்தியமே கிடையாது. குழியில் வேகமாக இறங்கி ஏறிய பிறகு, பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தால், உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன. வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்கி நிற்கிறது. "உள்ள ட்யூப் போட்டுடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அறுந்த இழையை ட்யூப் சேர்த்துவைக்காது. குடும்பத்தோடு போகும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

டயரின் காடிகளுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால், பஞ்சர் ஒட்டுவதும் வீண் செலவு.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் ஒருமுறை வெளியே எடுங்கள். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பர் வெடிப்பு விடும். காற்றும் இறங்கியிருக்கும். அடுத்த முறை காற்றுப் பிடிக்கப் போகும்போது ஐந்தாவது டயருக்கும் பிடிக்கச் சொல்லுங்கள்.