உறைபனியில் ஒரு பிறந்தநாள்

வெண்பனி படர்ந்த மலையை ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது என் அன்னையின் நெடுநாள் விருப்பம். இமயம்வரை செல்ல அவருடைய உடல்நிலை இடம் தரவில்லை. ஆதலால், அவருடைய 75ஆம் பிறந்தநாளைக் கொண்டாடச் சனவரித் திங்களில் குடும்பத்துடன் உதகமண்டலம் சென்றோம்.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் இமயத்தைப் போலப் பனி பொழிவதில்லை. முகிலும் காற்றும் இல்லாத குளிர்கால இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. குளிர்ந்த காற்று தாழ்வான இடங்களில் தேங்க, அதிலுள்ள நீராவி புல்நுனிகளில் உறைந்து படிகிறது. இதுவே உறைபனி.

விடியலில் கேத்திப் பள்ளத்தாக்கை அடைந்தோம். புல்வெளி உப்பளம்போல் வெளுத்திருந்தது. பேரப்பிள்ளைகள் உறைபனியைச் சுரண்டி எடுத்துப் பாட்டியின் உள்ளங்கையில் வைத்து வாழ்த்தினர். அம்மா குழந்தையைப்போலச் சிரித்தார்.

அருகிலிருந்த காய்கறித் தோட்டத்தில் முதியவர் ஒருவர் செடிகளின்மீது நீர் தெளித்துக்கொண்டிருந்தார். அம்மா காரணம் வினவினார்.

"வெயில் ஏறுவதற்குள் பனியைக் கரைக்க வேண்டும் அம்மா; இல்லையேல் இலையெல்லாம் கருகிவிடும்" என்றார் அவர்.

நெல்வயலில் வாழ்நாளைக் கழித்தவர் அம்மா. அவருடைய சிரிப்பு அடங்கியது. கையிலிருந்த பனி நீராய் வழிந்தது.

அன்றிரவு, கேக் வெட்டி முடித்ததும் அம்மா வாசலுக்குச் சென்று நெடுநேரம் வானத்தை நோக்கி நின்றார்.

"நாளையும் பனி வருமா, பாட்டி?" என்றான் பேரன்.

"மேகம் கூடினால் வராது, கண்ணா. கூடட்டும்" என்றார் அம்மா.