நாலு ஷீட்டும் எங்க ஆயாவும்

கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டதும் ராஜகிரி தலைகீழாத் தொங்கிச்சு. கீழே வானம், மேலே நெல்வயல். இடமும் வலமும்கூட மாறித்தான் தெரியும். திருவண்ணாமலை போற பஸ், கண்ணாடியில திண்டிவனம் பக்கமாப் போச்சு. லார்ஜ் ஃபார்மட் கேமராவோட எனக்கு அதுதான் முதல் நாள்.

கேமரா சீனியர் ஒருத்தர் நம்பிக் கொடுத்தது. மரச்சட்டம், நடுவுல ஆர்மோனியம் மாதிரி மடிப்பு, பின்னால தேய்ச்ச கண்ணாடி. ஃபிலிம் 4×5 இன்ச் ஷீட். 35 எம்எம் ஃப்ரேமை விட 13 மடங்குக்கு மேல பரப்பு. கையில இருந்தது ரெண்டு ஹோல்டர், மொத்தம் நாலே ஷீட்.

கோட்டைக்குள்ள போகல. தொல்லியல் துறை பாதுகாக்கிற இடங்கள்ல ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேணும். இந்தக் கேமராவை ட்ரைபாட் இல்லாம தூக்கிக்கூடப் பார்க்க முடியாது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த கோட்டையை வரப்புல நின்னு எடுக்கிறதுலயும் ஒரு சுகம் இருக்கு. டிக்கெட்டும் கிடையாது, குரங்கும் கிடையாது.

மலை உச்சி ஃப்ரேமுக்குள்ள வரல. சாதாரணக் கேமரான்னா அண்ணாந்து பிடிப்போம், நேரா நிக்கிறதெல்லாம் உள்பக்கமாச் சாயும். இதுல கேமராவைச் சாய்க்காம லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்கலாம். தூக்கினேன். கண்ணாடியில மலை மெதுவா நகர்ந்து வந்து முழுசா உட்கார்ந்துச்சு. நாலு வருஷ இன்ஜினியரிங்ல எந்த லேப்லயும் எனக்கு அப்படிச் சிலிர்க்கல. 1857-58-இல் சென்னை மாகாண அரசுக்காக லின்னேயஸ் ட்ரைப் தஞ்சாவூரையும் மதுரையையும் எடுத்தப்போ, ஒரு நெகட்டிவே கிட்டத்தட்ட ஏ3 தாள் அளவு, அதுவும் மெழுகு பூசின காகிதம். அந்த மனுஷன் வெயிலை என்ன பண்ணினாரோ! எனக்கு அரை மணி நேரத்துல சட்டை பிழியிற அளவுக்கு நனைஞ்சிருச்சு.

மூணு ஷீட் முடிஞ்சப்போ ஆயா வந்துச்சு. துவைச்ச புடவை, நெத்தியில விபூதி.

"என்னையும் ஒண்ணு புடி. பின்னால மலை தெரியணும்."

ஆயாவோட படம்னு வீட்டுல இருக்கிறது ஆதார்ல ஒண்ணு, யாரோ கல்யாணத்துல மூணாவது வரிசையில ஒண்ணு. "நாளைக்கு மாலை போட ஒரு படம் வேணாமாடா"ன்னு சிரிச்சிக்கினே சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

வரப்புல ஸ்டூல் போட்டு உட்கார வெச்சேன். லூப்பை வெச்சு ஆயா கண்ணுல ஃபோகஸ் பண்ணினேன். தலைகீழாவும் அதே முறைப்புதான். எஃப்22, 1/15 செகண்ட். "அசையாதே ஆயா." "மூச்சு வுடலாமா?" ஹோல்டரைச் சொருகினேன், டார்க் ஸ்லைடை உருவினேன், ஷட்டரை அழுத்தப் போனேன்.

ஃபோகஸ் பண்றதுக்காகத் திறந்த லென்ஸ் திறந்தேதான் இருந்துச்சு.

எல்லாத்தையும் மூடிட்டு, ஆயாகிட்ட "சூப்பர்"னு சொன்னேன். ஃபிலிம் கருகிப் போச்சுன்னு அப்பவே தெரியும். இருந்தாலும், ஒருவேளை, ஒருவேளைன்னு ராத்திரி வரைக்கும் இருந்தேன்.

பாத்ரூம் ஜன்னல்ல போர்வையை அடைச்சு, சிவப்பு விளக்குகூட இல்லாம (இந்த ஃபிலிம் சிவப்பையும் பார்க்கும்), மூணு ட்ரேல கழுவினேன். டெவலப்பர் டி-76. ஒரு ஷீட்ல மலையும் புளியமரமும் ஒண்ணு மேல ஒண்ணு. எடுத்த பக்கத்தையே மறுபடி எடுத்திருக்கேன். அதனால அதோட மறுபக்கத்து ஷீட் கண்ணாடி மாதிரி வெறுமையா இருந்துச்சு. ராஜகிரி மட்டும் வந்திருந்துச்சு, உச்சிச் சுவர் வரைக்கும் கூர்மையா. நாலாவது, முழுக்கக் கறுப்பு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், மூலையில ஒரு புடவைக் கரையாவது தெரியுமான்னு. இல்ல.

காலையில உண்மையைச் சொன்னேன். ஆயா அந்தக் கறுப்பு ஷீட்டை வாங்கி வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பார்த்துச்சு.

"அந்தப் பொட்டி இன்னொரு தபா வருமா?"

"வரும் ஆயா."

"அப்ப நீலப் புடவை கட்டிக்கிறேன். இது மங்கலா இருக்குது."

பொங்கல் லீவு வரைக்கும் கேமராவைச் சீனியர்கிட்ட கேட்டு வாங்கியிருக்கேன். லென்ஸ் பலகை மேல வெள்ளை டேப்புல எழுதி ஒட்டியாச்சு: 'மூடினியா?'