பழகாத பரி

இராவுத்தர் என்னும் பட்டம் தமிழ் முஸ்லிம்களுள் ஒரு பெருங்கூட்டத்தார்க்கு வழங்கி வருகின்றது. குதிரை வீரன் என்பது அதன் பொருள். மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் இராவுத்தன் என விளித்தார் என்றால், அச்சொல் இம்மண்ணில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை நேயர்கள் உய்த்துணரலாம். ஆயினும் இன்று அப்பட்டத்தைப் பெயரோடு தாங்கி நிற்போருள், ஒரு குதிரையின் பின்னங்காலை அச்சமின்றித் தூக்கிப் பிடிக்க வல்லவர் எத்தனை பேர்?

பாண்டியர் காலத்தில் காயல் துறையில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றிப் பேசும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கின்றது. கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்ததையும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என வரையறுக்கப்பட்டிருந்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்துள்ளார். மேடைகளில் இதனோடு நிறுத்திக்கொள்வர். அவர் தொடர்ந்து எழுதியிருப்பதை எடுத்துரைப்பார் அரியர். வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் ஊட்டினராம். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டி வைத்தனராம். பின்னர் எவ்விதப் பயிற்சியும் தராமல் ஏறி விரட்டினராம். விரைவிலேயே அவை வலுவிழந்து பயனற்றுப் போயின என்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவோ, அரசன் ஆண்டுதோறும் வாங்கும் ஈராயிரம் குதிரைகளுள் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், குதிரைகள் மடிந்தால் மீண்டும் விற்கலாம் என்பதற்காகவே வணிகர்கள் லாடம் கட்டுவோரை இங்கு வரவிடுவதில்லை என்றும் குறித்தார். பயணிகளின் கணக்கில் மிகை இருக்கலாம். இருப்பினும் இரு வேறு நாட்டார் ஒரே குறையைச் சுட்டும்போது அதைத் தள்ளிவிட இயலாது. குதிரை வந்தது; குதிரையைப் பழக்கும் கலை உடன் வரவில்லை.

இந்தப் பழங்கதை சென்ற ஆண்டு பாலக்கோட்டில் நம் வீட்டுக் கொல்லைக்கே வந்து சேர்ந்தது. நம் தம்பி மகன், ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் கடன் வாங்கிய பணத்தைக் கொட்டி இரண்டு வயது ஆண் குட்டி ஒன்றைப் பிடித்து வந்தான். மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவன் கணக்கு. செம்மை நிறம், நுனிகள் ஒன்றையொன்று தொடுமாறு உள்வளைந்த காதுகள், கத்தியவார் இனத்தின் சாயல். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மனிதக் கை அதன் மேல் பட்டதே இல்லை எனலாம். போதாக்குறைக்கு, பின்னிடக் குளம்பில் ஒரு வெடிப்பு. கால்நடை மருத்துவர் வந்தார், இருமுறை நெருங்கினார், இருமுறையும் உதை காற்றில் பறந்தது. மயக்க ஊசி போட்டு இன்று பார்த்துவிடலாம். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டிய விலங்குக்கு ஆயுள் முழுதும் மயக்க ஊசியா போடுவது? “காலைக் கையில் கொடுக்கப் பழக்குங்கள், பிறகு கூப்பிடுங்கள். வெடிப்பு மேலேறிவிட்டால் குதிரை நொண்டியாகிவிடும்” என்று சொல்லிப் போனார்.

காளைக்கு லாடம் அடிப்பதுபோல் கயிறு போட்டு வீழ்த்திவிடலாம் என்றனர் அண்டை வீட்டார். அப்போதுதான் கிருஷ்ணகிரியில் நெடுங்காலம் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். தம் பாட்டனார் மத்திகிரிப் பண்ணையில் குதிரைக்காரராக இருந்தவர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை மிகுதி. ஓசூரை அடுத்த அந்தப் பண்ணை, கும்பினியார் காலத்தில் படைக் குதிரைகளுக்காக ஏற்பட்டது. கடல் கடந்து வந்த முரட்டுக் குட்டிகள் அங்கேதான் மனிதனோடு நடக்கப் பழகின. இன்று அது அரசின் கால்நடைப் பண்ணை. 2004-இல் மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் நம் தருமபுரியைச் சேர்ந்ததே.

பெரியவர் குட்டியைப் பார்த்தார். “வீழ்த்தினால் இன்று காலைப் பார்க்கலாம் பேட்டா. நாளைக்கு உன்னைப் பார்த்தாலே அது ஓடும்” என்று பையனிடம் சொல்லிவிட்டு, கயிற்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் முழுதும் அவ்வளவுதான். ஊரார் சிரித்தனர்.

மறுநாள் முதல் அவர் செய்தவற்றை யாம் அருகிருந்து கண்டோம். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் அமைந்துள்ளன. மூக்கின் நேர் முன்னும் வாலின் நேர் பின்னும் அதற்குத் தெரிவதில்லை. ஆகவே அவர் எப்போதும் இடத்தோளை நோக்கிச் சாய்வாகவே நடந்தார். குட்டி காதை மடக்கினால் நின்றார். அது தலையைத் திருப்பி நோக்கினால் ஓர் அடி பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கலே அவர் தந்த கூலி. முதன்முதலாகக் கை வைத்த இடம் முகமன்று. பிடரி முடியும் திமில்மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்து நட்புப் பாராட்டும் இடம் அதுவேயாம். வெல்லத்தைக் கையில் ஏந்தி ஓடிவந்த பையனை மட்டும் கடிந்துகொண்டார். கையில் தின்னக் கற்ற குட்டி நாளை அக்கையையே கடிக்குமாம். கொள்ளு தொட்டியில் இருக்கட்டும் என்றார்.

தலைக்கயிறு ஏறியது ஐந்தாம் நாள். முன்னால் நின்று இழுத்தால் குதிரை பின்னுக்கே இழுக்கும். மனிதன் வலுவால் அதை வெல்ல முடியாது. பெரியவர் தோளருகே நின்று கயிற்றை மெல்ல இறுக்குவார். அரை அடி நகர்ந்ததோ இல்லையோ, கை தளர்ந்துவிடும். இறுக்கத்தில் அது எதையும் கற்பதில்லை, தளரும் அந்த நொடியில்தான் கற்கிறது என்பதை அவர் சொல்லி நாம் அறியவில்லை, பார்த்து அறிந்தோம். மேலே வந்து இடிக்கும்போது மட்டும் மார்பில் விரல்களால் தட்டிப் பின்னுக்கு அனுப்புவார். தாய்க்குதிரையும் இப்படித்தான் விலக்கும் என்பார். ஒவ்வொரு பாடமும் கால் மணி நேரமே. அசர் பாங்கு கேட்டால் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டு விடுவார், குட்டி எந்நிலையில் இருந்தாலும்.

கால் தூக்குதலே கடினமாயிற்று. ஓடிப் பிழைக்கும் விலங்கின் காலைப் பற்றுவது அதன் உயிரைப் பற்றுவதற்குச் சமம். தோளிலிருந்து கையை வழுக்கிக்கொண்டு முழங்கால்வரை வருவார், எடுத்துவிடுவார். நாளை இன்னும் நான்கு விரற்கடை. குட்டி எடையை மறுகாலுக்கு மாற்றியதும் அன்றைய பாடம் முடியும். பின்னங்காலுக்குச் செல்கையில் உடலோடு உடல் ஒட்டி நிற்பார். எட்ட நிற்பவன்மீது உதை முழு விசையோடு விழும்; ஒட்டி நிற்பவன்மீது அது தள்ளலாகவே முடியும்.

இதற்கிடையே கடன் கொடுத்தவர் வாசலுக்கு இருமுறை வந்து போனார். கார்த்திகையில் ஒரு நிக்காஹ் ஊர்வலத்துக்கு அழைப்பும் வந்தது, நல்ல தொகை. இரண்டு வயதுக் குட்டியின் முதுகெலும்பு ஆளைத் தாங்காது என்று பெரியவர் தடுத்துவிட்டார். பையன் அன்றிரவு உண்ணவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் மருத்துவர் மீண்டும் வந்தார். பையனே கயிற்றைப் பிடித்தான். முன்னங்கால் இரண்டையும் குட்டி உடனே கொடுத்தது. வெடித்த பின்னிடக் காலை ஒருமுறை பறித்துக்கொண்டு, பெருமூச்செறிந்து, மறுமுறை அவர் மடியில் வைத்தது. வெடிப்பு மேலேறவில்லை, சீவி மருந்திட்டார். நான்காவது காலை அன்று அது தரவில்லை. “இருக்கட்டும். ஆறு வாரம் இருக்கிறதே” என்று பெரியவர் தலைக்கயிற்றைக் கழற்றினார்.

கடனில் பாதி இன்னும் நிற்கின்றது. பையன் காலையில் பால் வண்டி ஓட்டுகிறான். மாலையில் கொல்லைக்குப் போகிறான்.