கரடிக்குக் கண்

ஊரில் என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவன் கனடாவில மரம் அரியிறான்" என்று வாப்பா சொல்லிவந்தார். அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. நான் சங்கிலி வாளால் மரத்தில் உருவம் செதுக்கிப் பிழைக்கிறவன். அதிலும் முக்கால்வாசி கரடி.

வாப்பா சம்மாந்துறையில் மரம் அரிந்தவர். நிலத்தில் ஆள் உயரத்துக்குக் கிடங்கு வெட்டி, அதன்மேல் குற்றியை உருட்டிப் போட்டு, கரி தோய்த்த நூலால் கோடு அடிப்பார்கள். மேலே வாப்பா நிற்பார். கிடங்குக்குள் சாச்சா. நீண்ட வாள் ஏறி இறங்கும். சாச்சாவின் தலையிலும் இமையிலும் அரிதூள் படிந்து, பகலுணவுக்கு மேலே வரும்போது மாவில் விழுந்து எழும்பியவர் போலிருப்பார். முதிரையா, பாலையா, வேம்பா என்று வாப்பா கண்ணை மூடிக்கொண்டு தூளை மோந்தே சொல்லிவிடுவார். பலகை ஓடாவிமாரிடம் போகும். கதவாகும், கட்டிலாகும், சந்தூக்குமாகும். அதற்குமேல் மரத்திடம் எதையும் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருக்கவில்லை.

1996இல் நான் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து மரம் வெட்டும் ஒரு கொம்பனியில் சேர்ந்தேன். புயலில் சாய்ந்தவை, வீட்டுக்கூரைக்கு மேலே ஆபத்தாக நிற்பவை, இவற்றை வெட்டி இறக்குவது வேலை. ஒருமுறை ஹோப் என்ற சிற்றூருக்குப் போனோம். அங்கே பூங்காவில் வேரழுகி நின்ற ஒரு மரத்தை வெட்டி எறியாமல் 1991இல் நின்ற நிலையிலேயே செதுக்கியிருந்தார்கள். அதன்பிறகு ஊர் முழுக்கச் சிற்பங்கள் பெருகிவிட்டன. நான் தினமும் தூக்கித் திரிகிற அதே வாளால் செய்தவை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. விறகுக் கட்டையில் பழகத் தொடங்கினேன். என் முதல் கரடியைப் பார்த்த மனைவி, "பண்டி நல்லா இரிக்கி" என்றாள்.

இது உளி வேலை மாதிரியில்லை. பெரிய வாளால் முதலில் வேண்டாத பாகங்களைப் பாளம் பாளமாக வெட்டித் தள்ளவேண்டும். தலை எங்கே, தோள் எங்கே என்பது அப்போதே தீர்ந்துவிடும். தவறாக வெட்டியதை ஒட்ட முடியாது. கரடியின் மூக்குப் போனால் அது ஆந்தையாகும். ஆந்தையும் போனால் அடுப்புக்கு. நுணுக்கத்துக்கு வேறு வாள். அதன் அலகு நுனியில் ஒடுங்கி, இந்நாட்டு இருபத்தைந்து சத நாணயமளவு வளைவோடு இருக்கும். சாதாரண அலகின் மேல்நுனி மரத்தில் முட்டினால் வாள் துள்ளி முகத்துக்கு வரும். ஒடுங்கிய நுனியில் அந்த ஆபத்துக் குறைவு, இல்லாமலில்லை. என் தாடையிலுள்ள தழும்பைப் பெருநாளுக்குச் சந்திக்கிறவர்கள் கேட்பார்கள். சவரக்கத்தி என்று சொல்லிவைப்பேன்.

மரம் பெரும்பாலும் செஞ்சீடர். மென்மையானது, எளிதில் உக்காதது, வாசமோ அலாதி. ஆனால் அதன் தூள் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகமூடி போட்டும் குளிர்காலத்தில் என் நெஞ்சு விசிலடிக்கிறது. முழுக்குற்றி காயும்போது வெடிக்கும். அதனால் முதுகுப்புறம் நடுக்காழ்வரை ஒரு வெட்டுக் கொடுத்துவிடுவோம். வெடிப்பு அந்த வழியால் போகும், முகம் தப்பும்.

கண் கடைசியில். எரிவாயு விளக்கால் மேனியைக் கருக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து உரோமம் எழுப்பிய பிறகு, இரண்டு துளை. அதுவரை மரம். துளை விழுந்ததும் அது என்னைப் பார்க்கிறது.

பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. உருவம் சமைத்தவர்களிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லப்படும் என்ற ஹதீஸை மதரஸாவில் ஓதியவன் நான். பள்ளிவாசலில் மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. இப்னு அப்பாஸ் (றழி) அவர்களிடம் ஒருவர் வந்து, என் கைத்தொழிலே இதுதான் என்று முறையிட்ட சம்பவத்தைச் சொன்னார். செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். மரத்திலே மரம்! வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இரண்டு வருடம் முயன்றேன். இலை, கொடி, அலை, வாங்கு, வீட்டெண் பலகை. அழகாகத்தான் வந்தன. வாங்க ஆளில்லை. தெருவோரம் நிறுத்தும் ஆளுக்கு வேண்டியது வரவேற்கும் கரடி. வீட்டுக் கடன் தவணை இலை கொடியைப் பார்த்து இரங்காது. திரும்பவும் கரடிக்கு வந்தேன், ஒரு தந்திரத்தோடு. கண்ணை மட்டும் என்னோடு வேலை செய்யும் பையன் துளைப்பான். அவன் நம்மவனல்ல. மௌலவியிடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கண்ண மட்டும் அவருக்கிட்ட குடுத்திட்டீங்க, காச?" என்றார்.

2014 கோடையில் வாப்பா வந்தார். பட்டறையில் எட்டுக் கரடிகள் நின்றன. எனக்குக் கை நடுங்கியது. அவர் அவற்றைப் பார்க்காதவர்போல் வாளைத் தூக்கிச் சங்கிலியின் பற்களை விரலால் தடவினார். "கூர் போதாது மகன்" என்றார். அரம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பல்லாக ஒரே சாய்வில் அராவினார். எழுபத்தாறு வயது. அவ்வளவு சீரான கூரை நான் இன்றுவரை எடுத்ததில்லை.

பிறகு கண்ணில்லாத ஒரு கரடியின் முன்னால் போய் நின்றார். தோளைத் தட்டிப் பார்த்தார். மோந்தார்.

"என்ன மரம்?"

சொன்னேன்.

"நல்ல மரம். அரிஞ்சிருந்தா ஒரு வூட்டுக்குக் கூரை போடலாம்."

அவ்வளவுதான். ஹறாம் என்றும் சொல்லவில்லை, அழகு என்றும் சொல்லவில்லை. அஸருக்கு நேரமானது. உள்ளே ஓர் ஓரத்தைக் கூட்டிப் பாய் விரித்தேன். அவர் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போய், தூள் குவியலுக்குப் பக்கத்தில் தொழுதார். கொஞ்சநேரம் வாசலில் நின்றுவிட்டு நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த வருடம் மௌத்தாகிவிட்டார். அவர் தீட்டிய சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பையனும் வேறு வேலைக்குப் போய்விட்டான். இப்போது பட்டறையில் ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் நிற்கின்றன. சனிக்கிழமை எடுக்க வருவார்கள். ஆறு கண் பாக்கி.